டிபிஏ பம்பு சீல் கிட்: நெடுநாள் நின்ற பழைய டிராக்டரில் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

வருடக்கணக்கில் நின்ற டிராக்டருக்குப் புது பேட்டரி போட்டு, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகைகூட வரவில்லை என்றால் சந்தேகம் நேராக டீசல் பம்பின் மேல் விழும். "பம்புக்கு கிட் போட்டுவிடு" என்ற யோசனையும் உடனே வரும். இங்கே மதிப்பிடப்படுவது அந்தக் கிட்தான்: சிஏவி டிபிஏ ரோட்டரி பம்புக்கான சீல் கிட். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மாசே பெர்குசன் 35, 135 தொடங்கிப் பல பழைய டிராக்டர்களில் இருப்பது இந்தப் பம்புதான். சிஏவி பிறகு லூக்காஸ் சிஏவி என்றும் டெல்ஃபி என்றும் பெயர் மாறினாலும் பம்பின் அடிப்படை அமைப்பு அப்படியே இருந்ததால் கிட் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

கிட் நல்ல பொருள். வாங்கத் தகுந்த பொருள். ஆனால் அது செய்யும் வேலை இரண்டுதான். டீசல் வெளியே கசிவதை நிறுத்தும். காற்று உள்ளே நுழைவதைத் தடுக்கும். பம்புக்குள் சுழலும் ரோட்டர் தேய்ந்திருந்தாலோ, டீசலை அழுத்தும் பிளஞ்சர் துருப்பிடித்திருந்தாலோ அதனால் சரியாகாது. ஆகவே பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது

பல அளவு ஓ-ரிங்குகள், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கவர் கேஸ்கெட், பக்கவாட்டு இன்ஸ்பெக்‌ஷன் கவர் கேஸ்கெட், செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள், லாக் வாஷர்கள், டிரைவ் ஷாஃப்ட் சீல், ரோட்டர் உள்ளே சுழலும் உறையான ஹைட்ராலிக் ஹெட்டைச் சுற்றி வரும் பெரிய ரிங், கடைசித் தகடான எண்ட் பிளேட்டுக்கு ஒரு ரிங். ஒரே கிட் பல மாடலுக்குப் பொதுவாகச் செய்யப்படுவதால் வேலை முடிந்ததும் சில உருப்படிகள் மிஞ்சும். அதைக் கண்டு எதையோ விட்டுவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபர் பம்பின் வேன்கள், மீட்டரிங் வால்வு, ஸ்பிரிங்குகள், ரோலர்கள், ஹெட்-ரோட்டர் ஜோடி ஆகியவை கிட்டில் வராது.

மெக்கானிக்கல் கவர்னர் பம்புக்கு ஒரு கிட், ஹைட்ராலிக் கவர்னர் பம்புக்கு வேறு கிட். மேலே உயரமான கவர் இருந்து, அதன்மேல் ஆக்ஸிலேட்டர் லிவரும் ஸ்டாப் லிவரும் இருந்தால் அது மெக்கானிக்கல் கவர்னர். ஹைட்ராலிக் கவர்னர் பம்பு குட்டையாக இருக்கும். டிராக்டர் மாடலைச் சொல்லி வாங்குவதைவிடப் பம்பின் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குவதே சரி. இத்தனை வயதான டிராக்டரில் பம்பு ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

ரப்பர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய பம்புகளில் இருந்தது நைட்ரைல் ரப்பர். அக்காலத்து டீசலில் இருந்த அரோமாட்டிக் சேர்மங்களால் அந்த ரப்பர் சற்று உப்பி நின்றது. அந்த உப்பலால்தான் கசிவும் அடைபட்டிருந்தது. கந்தகம் 10 அல்லது 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) அளவுக்குக் குறைக்கப்பட்ட இன்றைய டீசலில் அரோமாட்டிக் அளவும் பொதுவாகக் குறைவு. உப்பியிருந்த பழைய ரப்பர் சுருங்கி, விறைத்து, கசியத் தொடங்குகிறது. பயோடீசல் கலந்தால் நிலை இன்னும் மோசம். ஆகவே வைட்டான் எனப்படும் எஃப்கேஎம் ரப்பர் கிட்டையே கேட்டு வாங்க வேண்டும். நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. வைட்டான் பச்சையாகவும் பழுப்பாகவும் வரும், கறுப்பாகவும் வரும். ஒரே அளவு ரிங்குகளை எடை போட்டால் எஃப்கேஎம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமாக இருக்கும். நெருப்பில் காட்டிச் சோதிக்கவே கூடாது. அதிகச் சூட்டில் அந்த ரப்பர் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற கொடிய நச்சு வாயுவை விடும்.

புது டீசலே பம்பைத் தின்றுவிடுகிறது என்ற பேச்சும் உண்டு. டீசலுக்கு வழுவழுப்பைத் தந்தது கந்தகம் அல்ல. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் வழுவழுப்பு தரும் வேறு சேர்மங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் இப்போது விற்கும் டீசலில் லூப்ரிசிட்டி சேர்க்கை கலக்கிறார்கள். நின்ற டிராக்டரில் பம்பைக் கெடுப்பது தண்ணீரும் பழைய டீசல் விட்டுச்செல்லும் பிசினும்தான்.

கிட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்து, ஆயிலில் டீசல் வாடை அடித்தால் இரண்டு வழிகளில் ஒன்றில் டீசல் இறங்கியிருக்கிறது: பம்பின் டிரைவ் ஷாஃப்ட் சீல், அல்லது டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் சவ்வான டயாஃப்ரம். ஃபீட் பம்பைக் கழற்றி, அதைக் கையால் இயக்கும் பிரைமர் லிவரை அடித்துப் பார்த்தால் டயாஃப்ரம் கிழிந்திருப்பது வெளிப்படும். அது நன்றாக இருந்தால் குற்றவாளி ஷாஃப்ட் சீல். அதற்குக் கிட் கட்டாயம் வேண்டும். எதுவானாலும் டீசல் கலந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அடுத்த அடி.

இரண்டாவது, ஸ்டாப் லிவர். எஞ்சினை நிறுத்த இழுத்த கேபிள் அப்படியே துருப்பிடித்து உறைந்திருக்கும். டாஷ்போர்டில் குமிழ் உள்ளே போனதுபோல் தெரியும். பம்பில் லிவர் அசைந்திருக்காது. கேபிளைக் கழற்றிவிட்டு லிவரைக் கையால் ஓடும் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோன பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

மூன்றாவது, டாங்கைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். சுத்தமான 5 லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் கட்டி, கண்ணாடிபோல் தெரியும் ஹோஸ் வழியாக ஃபில்டர் இன்லெட்டுக்கு நேராகக் கொடுங்கள். டாங்க், டாங்க் டேப், பழைய பைப், ஃபீட் பம்பு எல்லாம் ஒரே வேலையில் விலகிவிடும். பம்பு இன்லெட்டிலும் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் வைத்தால் காற்றுக் குமிழி வருகிறதா என்று நேரில் பார்க்கலாம். கேனில் எஞ்சின் ஓடி டாங்கில் ஓடவில்லை என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். டாங்கின் அடியில் தங்கிய தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையே பூஞ்சை வளர்ந்து, கறுப்புச் சளிபோல் படிந்து, டேப்பின் சல்லடையை அடைத்திருக்கும். டாங்கை இறக்கிக் கழுவுவது தவிர வேறு வழியில்லை. மருந்து ஊற்றினால் பூஞ்சை சாகும், ஆனால் செத்த சளி அங்கேயே கிடந்து ஃபில்டரை அடைக்கும்.

ஃபில்டர் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறு காற்றுப் பிரச்சினைக்கு அடிக்கடி காரணம். சிஏவி 296 வகை எலிமெண்ட்டைக் கழற்றும்போது பழைய ரிங் ஹெட்டின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் புது ரிங் வைத்து இறுக்கினால் இரண்டும் நழுவி, டீசல் கசியாமலேயே காற்று மட்டும் உள்ளே போகும். பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவிலுள்ள சின்ன ஓ-ரிங்கையும் மறக்க வேண்டாம். பைப் முனைகளைப் பிடிக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்கள் விறைத்திருந்தால் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும்.

காற்று எடுக்கும் வரிசை

வரிசை மாறினால் எவ்வளவு பிரைம் செய்தாலும் பலன் இல்லை. முதலில் ஃபில்டர் மேலுள்ள ப்ளீட் ஸ்க்ரூ. குமிழி நின்று முழு டீசல் வந்ததும் அதை மூடுங்கள். அடுத்து பம்பின் பக்கத்தில், ஹைட்ராலிக் ஹெட்டைப் பிடித்திருக்கும் லாக்கிங் ஸ்க்ரூவிலேயே உள்ள சின்ன வென்ட் ஸ்க்ரூ. ஸ்பேனரைச் சின்ன ஸ்க்ரூவில் மட்டும் போட வேண்டும். பெரிய லாக்கிங் ஸ்க்ரூவைத் தவறி இறுக்கிவிட்டால் ஹெட் நெரிந்து ரோட்டர் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, கவர்னர் கவரின் மேலுள்ள வென்ட் ஸ்க்ரூ. டிபிஏ பம்பின் உள்பகுதி முழுக்க டீசல் நிறைந்திருக்க வேண்டும். டீசலைத் தவிர வேறு எண்ணெய் அதற்குக் கிடையாது. நெடுநாள் நின்ற பம்பில் அந்த டீசல் வடிந்துபோயிருப்பதால் மேல் வென்ட்டில் டீசல் எட்டிப்பார்க்கப் பொறுமை வேண்டும்.

பிரைமர் லிவர் கனமே இல்லாமல் அசைந்தால் ஃபீட் பம்பை இயக்கும் கேம் உயர்ந்த நிலையில் நிற்கிறது என்று பொருள். எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களில் இரண்டின் பைப் நட்டை, நாசில் பக்கத்தில், ஒரு சுற்று தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். தளர்த்திய நட்டில் டீசல் துள்ளித் துள்ளி வந்தால் பம்பு வேலை செய்கிறது. அந்த இடத்துக்கு அருகே கை போகக்கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறிய புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரும்.

இரண்டு வென்ட்டிலும் முழு டீசல் வந்து, நாசில் நட்டில் சொட்டுக்கூட வரவில்லை என்றால்தான் கோளாறு பம்புக்குள். அப்போதும் அது சீல் கோளாறு அல்ல.

உள்ளே என்ன பிடித்துக்கொள்கிறது

டிபிஏ பம்பில் டீசல் போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். எண்ட் பிளேட் பக்கத்தில் ரோட்டரின் நுனியில் வேன் வகை டிரான்ஸ்ஃபர் பம்பு இருக்கிறது. அது டீசலை அழுத்தி மீட்டரிங் வால்வுக்கு அனுப்பும். கவர்னர் அந்த வால்வைத் திருப்பி எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிக்கும். அளந்த டீசல் ரோட்டருக்குள் போய் எதிரெதிராக உள்ள இரண்டு பிளஞ்சர்களை வெளிப்பக்கம் தள்ளும். ரோட்டர் சுற்றும்போது வெளியே உள்ள கேம் ரிங்கின் மேடுகள் ரோலர்கள் வழியாக அந்தப் பிளஞ்சர்களை உள்ளே அழுத்த, டீசல் ஒவ்வொரு நாசிலுக்காகப் பிரிந்து போகும். இதில் எந்தக் கண்ணி ஒட்டிக்கொண்டாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: டீசல் வராது.

நீண்டநாள் நின்ற பம்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மீட்டரிங் வால்வை. எட்டுவதற்குச் சுலபமானதும் அதுவே. பம்பை எஞ்சினிலேயே வைத்துக்கொண்டு பார்க்கலாம். பம்பின் வெளிப்புறத்தை டீசலும் பிரஷும் கொண்டு முழுக்கக் கழுவிய பிறகுதான் கவரைத் தொட வேண்டும். ஆக்ஸிலேட்டர் ராடையும் ஸ்டாப் கேபிளையும் கழற்றுங்கள். கவர் நட்டுகளை எடுத்ததும் கவரைச் சட்டென்று இழுக்காதீர்கள். ஆக்ஸிலேட்டர் ஷாஃப்ட்டோடு கவர்னர் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். சற்றே தூக்கி, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். துளை மாறினால் எஞ்சினின் வேகக் கட்டுப்பாடே மாறிவிடும்.

இப்போது மீட்டரிங் வால்வைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும். இரண்டு விரலில் தடையில்லாமல் திரும்ப வேண்டும். பிசுபிசுத்தால் வெளியே எடுத்து, டீசலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்துப் பிசினைக் கரைத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, டீசல் பூசிப் போடுங்கள். எமரி தாள், கம்பி பிரஷ், பாலிஷ் எதுவும் கூடாது. அந்த வால்வுக்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது. இந்த ஒரு சுத்தத்திலேயே ஓடிவிடும் பம்புகள் உண்டு. அவற்றுக்குக் கிட் போடாமலே வேலை முடிந்தது.

பம்பின் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்ட சின்ன இன்ஸ்பெக்‌ஷன் கவர் இருக்கும். டீசல் பீய்ச்சும் நேரத்துக்கான டைமிங் குறி பார்க்கும் ஜன்னல் அது, ஆனால் நின்ற பம்பில் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உலோகம் பளிச்சென்று இருந்து டீசல் தெளிவாக வடிந்தால் நம்பிக்கை உண்டு. மஞ்சள் நிறப் பிசின் மட்டும் இருந்தால் ஊறவைத்துச் சரிசெய்யலாம். காவி நிறத்தில் துருப்பொடி வடிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் உள்ளே போய்விட்டது. வெளியே தெரியும் பாகங்களில் துரு இருந்தால் பிளஞ்சர்களிலும் ரோலர்களிலும் இருக்கும். அந்தப் பம்புக்குச் சீல் கிட் வாங்கிப் பயனில்லை. பம்பு மெக்கானிக்கிடம் போக வேண்டும், ஹெட்-ரோட்டர் ஜோடியே மாற்ற நேரலாம்.

அந்த ஜன்னல் வழியாகவே இன்னொன்றும் பார்க்கலாம். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே டிரைவ் ஷாஃப்ட்டும் ரோட்டரும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றாலோ, சுற்றும்போது கை தடுமாறினாலோ செல்ஃப் அடிக்கவே கூடாது. பிடித்துக்கொண்ட ரோட்டரைச் செல்ஃப் மோட்டாரின் பலத்தால் இழுத்தால் டிரைவ் பகுதி முறியும். முறிந்த துண்டு மற்றதையும் கெடுக்கும். பம்பைச் சுத்தமான டீசலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து நிரப்பி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, மறுபடி கையால் மட்டும் முயன்று பாருங்கள். பெட்ரோல் ஊற்றுவது கேடு: பிசினைக் கரைக்கும், ஆனால் உலோகத்தின் மேலிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிட்டு ரோட்டரை வறட்டுத்தனமாகச் சுற்றவிடும்.

எண்ட் பிளேட்டில் இன்லெட் இணைப்புக்குக் கீழே பல மாடல்களில் ஒரு சின்ன நைலான் சல்லடை இருக்கிறது. டாங்கிலிருந்து வந்த துருச்செதில் அதில் அடைத்தால் பைப்பில் டீசல் நிறைய வரும், பம்புக்குள் போகாது. அதை எடுக்கும்போது ரெகுலேட்டிங் வால்வின் பிஸ்டனும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து வெளியே வரலாம். வந்த வரிசையிலேயே சுத்தமான தட்டில் அடுக்கி வையுங்கள்.

கிட் போடுவது: பாதி வேலை வீட்டில், மீதி பெஞ்சில்

கிட்டின் முழுப் பலனும் சுலபமாகக் கிடைப்பது மேல் கவரில்தான். ஆக்ஸிலேட்டர் ஷாஃப்ட்டைச் சுற்றி டீசல் ஈரம், ஸ்டாப் லிவர் அடியில் சொட்டு, கவர் ஓரத்தில் கசிவு ஆகிய மூன்றும் இந்தக் கிட்டில் உள்ள சில ஓ-ரிங்குகளாலும் ஒரு கேஸ்கெட்டாலும் தீரும். பம்பை எஞ்சினிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. டைமிங்கைத் தொட வேண்டியதில்லை. சீல் வைத்த ஸ்க்ரூக்களை அசைக்க வேண்டியதுமில்லை. ஓரளவு கைப்பழக்கம் உள்ள யாரும் நிதானமாகச் செய்து முடிக்கலாம்.

புது ஓ-ரிங்கை ஷாஃப்ட்டின் கூரான விளிம்பைத் தாண்டி இழுக்கும்போது அறுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. விளிம்பின்மேல் மெல்லிய டேப் சுற்றி, வாசலின் தடவி, அதன்மேல் ரிங்கை நகர்த்திவிட்டு டேப்பை உரித்துவிடுங்கள். ஷாஃப்ட்டிலேயே தேய்ந்த பள்ளம் இருந்தால் புது ரிங்கும் சில நாளில் கசியும். ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். கேஸ்கெட்டுக்கு சிலிகான் பேஸ்ட் வேண்டாம். நசுங்கி உள்ளே தொங்கும் துணுக்கு அறுந்து போய் மீட்டரிங் வால்வில் உட்காரும்.

கவரைத் திரும்ப வைக்கும்போது ஸ்டாப் லிவரின் உள்முனை, உள்ளே இருக்கும் ஷட்-ஆஃப் பட்டையோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சேராமல் மூடிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், நிற்காது. நட்டை இறுக்குமுன் ஸ்டாப் லிவரைக் கையால் இயக்கி, மீட்டரிங் வால்வு அதோடு சேர்ந்து திரும்புவதை உறுதி செய்யுங்கள்.

மீதிப் பாதி வேறு கதை. ஹெட்டின் பெரிய ரிங்கும் டிரைவ் ஷாஃப்ட் சீலும் மாற்ற வேண்டுமானால் பம்பைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் பம்பு ஃபிளாஞ்சிலும் எஞ்சின் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பழைய கோடு இருந்தாலும் சொந்தமாக ஒன்று வேண்டும். உள்ளே டிரான்ஸ்ஃபர் பம்பு ரோட்டரின் நூல் திசை பம்பு சுற்றும் திசைக்கு ஏற்ப மாறும். தவறான பக்கம் பலம் கொடுத்தால் உடையும். அதைக் கழற்றவும் டிரைவ் பிளேட்டைப் பிடிக்கவும் தனிக் கருவிகள் தேவை. பிளஞ்சர்களின் அதிகபட்ச அளவைத் தீர்மானிக்கும் அட்ஜஸ்டிங் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எஞ்சின் கறும்புகை தள்ளும், அல்லது வண்டியில் இழுவை இருக்காது. கருவிகள் இருந்தாலும் கடைசியில் ஐஎஸ்ஓ 4113 காலிபரேஷன் எண்ணெயில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு பார்க்காமல் பம்பை நம்ப முடியாது. ஆகவே முழுக் கிட் வேலை காலிபரேஷன் கடையின் வேலை. கிட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, வைட்டான்தானா என்று உறுதி செய்துகொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

மலிவு கிட்டுகளில் மூன்று குறை தெரியும். ஓ-ரிங் தடிமன் மிகச் சிறிதளவு மாறியிருக்கும். ஹெட் ரிங் அப்படி இருந்தால் ஹெட்டை உள்ளே தள்ளும்போது விளிம்பில் நசுங்கி அறுந்துவிடும். ஷாஃப்ட் சீலின் உதடு தடித்து விறைப்பாக இருக்கும். கேஸ்கெட் துளைகள் ஸ்டட்டோடு ஒத்துவராது. பொட்டலத்தைத் திறந்ததும் பழைய ரிங்கின் பள்ளத்தில் புதியதை வைத்துப் பாருங்கள். பள்ளத்துக்கு மேல் சற்றே எழும்பி நிற்க வேண்டும், தளர்ந்து தொங்கக் கூடாது.

கிட்டால் தீராத ஒரு நோய்

குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு மணி நேரம் ஓடி நிறுத்தினால் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஆறியதும் மறுபடி ஆகிறது. இந்த அறிகுறிக்குக் கிட் போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இது ஹெட்டுக்கும் ரோட்டருக்கும் இடையிலான தேய்மானம். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் உருவாவதற்குள் அந்த இடைவெளியில் நழுவிவிடும். சோதிக்கச் சுலபமான வழி: நின்றுபோன சூடான நிலையில் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சில நிமிடம் குளிரவைத்து செல்ஃப் அடியுங்கள். ஆகிவிட்டால் ஹெட்-ரோட்டர் தேய்ந்திருக்கிறது. அது ஜோடியாகத்தான் விற்கும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

வேகம் ஏறி இறங்கி ஊசலாடுவது இரண்டுங்கெட்டான் அறிகுறி. காற்று நுழைவதாலும் வரும், கவர்னர் இணைப்புகளில் பிசின் ஒட்டுவதாலும் வரும். கண்ணாடி ஹோஸில் குமிழி தெரிந்தால் காற்று வரும் இடத்தைத் தேடி அடையுங்கள்; தெரியாவிட்டால் கவரைத் திறந்து இணைப்புகளைக் கழுவுங்கள்.

மற்ற பம்புகள் வைத்திருப்பவர்களுக்கு

சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பு உள்ள டிராக்டருக்கு இந்தக் கிட்டும் இல்லை, இந்த முறையும் இல்லை. சிம்ஸ், பாஷ் வகை இன்லைன் பம்பில் கேம் பகுதிக்குத் தனி எஞ்சின் ஆயில் உண்டு. நின்ற காலத்தில் அதில் டீசல் இறங்கி நீர்த்திருக்கும், அதை முதலில் வடித்து மாற்ற வேண்டும். பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு பிளஞ்சரும் ஸ்பிரிங் பலத்தில் முழுதாகக் கீழே திரும்ப வேண்டும். மேலேயே நின்றுவிட்டது பிடித்துக்கொண்ட எலிமெண்ட். டீசல் கலந்த ஆயில் விட்டு ஊறவைத்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்ல ஏற்றி இறக்கினால் விடுபடலாம். டீசல் அளவை மாற்றும் பட்டையான ராக் கையால் இரு பக்கமும் சறுக்க வேண்டும். ராக் முழு டீசல் நிலையில் இறுகியிருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் கட்டுமீறி ஓடும். டிபிஏ பம்பைவிட இங்கே இந்த ஆபத்து அதிகம். பழைய ஃபோர்ட்சன் மேஜர், டெக்ஸ்டா டிராக்டர்களில் உள்ள நியூமேட்டிக் கவர்னரின் டயாஃப்ரம் காய்ந்து ஓட்டை விழுந்தாலும் அதே ஆபத்து. வெற்றிட இழுவை குறைந்தால் ஸ்பிரிங் ராக்கை முழு டீசல் பக்கம் தள்ளும்.

ரூசா மாஸ்டர், ஸ்டானடைன் ரோட்டரி பம்புகளில் வேறொரு நோய். கவர்னர் எடைகளைத் தாங்கும் ரப்பர் ஃப்ளெக்ஸ் ரிங் முதுமையில் நொறுங்கிக் கறுப்புத் துகள்களாகும். அந்தத் துகள் ரிட்டர்ன் லைனின் செக் வால்வை அடைத்தால் எஞ்சின் ஓடி ஓடி அணையும். ரிட்டர்ன் இணைப்பைக் கழற்றிக் கறுப்புத் துகள் தெரிந்தால் ரிங்கை மாற்றியே ஆக வேண்டும். துகளை மட்டும் கழுவினால் மறுபடி வரும்.

முதல் ஸ்டார்ட்

ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி, இன்டேக் வாயைவிடப் பெரிய தட்டையான பலகை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எஞ்சின் கட்டுமீறினால் ஸ்டாப் லிவரை இழுப்பதோடு பலகையால் காற்றை அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. ஈதர் ஸ்ப்ரே வேண்டாம். மேனிஃபோல்டில் ஹீட்டர் உள்ள டிராக்டரில் அது வெடித்தே விடும்.

ஓடத் தொடங்கியதும் வெறும் ஐடிலில் சில நிமிடம் விட்டு, ஸ்டாப் லிவர் நிறுத்துகிறதா என்று முதலில் சோதியுங்கள். பிறகு சூடேறும்வரை ஓட்டி, ஷாஃப்ட்டுகள், கவர் ஓரம், பேன்ஜோக்கள் எல்லாவற்றையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். இதையும் எஞ்சினை நிறுத்திவிட்டே செய்யுங்கள். புது டீசல் பழைய பிசினைக் கரைத்துக்கொண்டே வரும் என்பதால் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குள் ஃபில்டரை ஒருமுறை மாற்றுங்கள். அப்போதே டிப்ஸ்டிக்கையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் ஷாஃப்ட் சீல் இன்னும் கசிகிறது. பம்பு பெஞ்சுக்குப் போகும்வரை டிராக்டரை வேலைக்கு எடுக்க வேண்டாம்.